ஊரில் இல்லாதவள்

என்னிடம் வீடு கேட்டு வந்தவர்கள் ஏராளம். வீடு இல்லை என்று சொல்லும்படி கேட்டு வந்தவள் அவள் ஒருத்திதான்.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு லைன் வீடு இருந்தது. ஒரே ஓட்டுக்கூரைக்கு அடியில் வரிசையாக அறைகள், முன்னால் ஒரு நீளமான நடை, பின்னால் கிணறு. என் வீட்டுக்காரருக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை. வாரத்துக்கு ஒருமுறை வந்து தலை காட்டிவிட்டுப் போவார். ஆகவே குடி வைப்பதும் கிளப்புவதும் முழுக்க என் ராஜ்ஜியம். வருகிறவர்களை நிற்க வைத்து நான் கேட்கிற கேள்விகளைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதில் எனக்குப் பெருமை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் சைக்கிளில் வந்து இறங்கினாள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் சேலை கட்டிய பெண் சைக்கிள் ஓட்டினால் டீக்கடையே திரும்பிப் பார்க்கும். பார்த்தது. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் சைக்கிளைப் பூட்டினாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். ஒல்லி. கையில் ஆம்பளை வாட்ச்.

"வூட்டுக்காரம்மா, ஒரு உதவி வேணுங்க."

"ரூம் எதுவும் காலி இல்ல."

"ரூம் வேணாங்க. இப்ப சொன்னீங்க பாருங்க, அதுதான் வேணும். ஞாயித்துக்கெழம வந்து எங்க புள்ளைங்க கிட்ட அதயே சொல்லணும். நீங்க அதுல கெட்டிக்காரங்கன்னு சொன்னாங்க."

கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து நான் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டேன். அவள் சிரிக்காமல் விளக்கினாள். ஏரிக்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டில் அவள் கொஞ்சம் பிள்ளைகளை வைத்திருந்தாள். பிள்ளைகள் என்றால் சின்னக் குழந்தைகள் இல்லை. வயதுக்கு வந்தவர்கள். பதினெட்டு முடிந்துவிட்டது என்று விடுதியிலிருந்து அனுப்பப்பட்டவர்கள், பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தவர்கள், செங்கல் சூளையிலிருந்து ஓடி வந்தவர்கள். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ வைத்திருந்து, ஒரு வேலையில் சேர்த்து, தனியாக ஓர் அறை எடுத்துக் குடியிருக்கிற அளவுக்குக் கொண்டுவந்து அனுப்புவது அவள் வேலை. அந்த அறை எடுக்கிற இடத்தில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள் என்றாள். வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்தால் போதும், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறார்களாம்.

"நான் எவ்ளோ மொறச்சாலும் அதுங்களுக்குப் பயம் வரலிங்க. நல்லாத் தெரிஞ்ச மூஞ்சி. நீங்க வந்தா சரியா இருக்கும்."

பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. ஆனாலும் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். கூடத்தில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைப்பாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே போய்க் கதவைத் தட்டி உள்ளே வந்து வீடு கேட்க வேண்டும். நான் என் வழக்கப்படி ஆரம்பிப்பேன். எந்த ஊர், இன்னா வேலை, அப்பா அம்மா எங்கே, ராத்திரி எத்தனை மணிக்கு வருவே, யாரெல்லாம் வந்து போவாங்க. ஒரு பையன் அழுதான். ஒருத்தன் கோபத்தில் கதவை உதைத்துவிட்டுப் போனான். அவள் சுவர் ஓரமாக நின்று, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அழுதவனைத் தேற்ற மாட்டாள். உதைத்தவனைக் கண்டிக்க மாட்டாள்.

"மூஞ்ச கழுவிக்கினு வந்து மறுபடியும் தட்டு" என்பாள். அவ்வளவுதான்.

அந்தக் கை கட்டுகிற பழக்கம் எனக்கு முதலில் பிடிக்கவே இல்லை. ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். அடுப்பு புகைந்து ஒரு பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதிக்கொண்டிருப்பாள்; இவள் பக்கத்தில் கை கட்டி நிற்பாள். "அக்கா, எரியலக்கா" என்று அந்தப் பெண் கெஞ்சினால், "நான் ஊர்ல இல்ல" என்று பதில் வரும். நேருக்கு நேராக நின்றுகொண்டு, கண்ணைப் பார்த்து, ஊரில் இல்லை என்பாள். பையனுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர், எப்படிப் போவது, என்ன சொல்வது எல்லாம் அவனே கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பின்னாலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவாள். உள்ளே போக மாட்டாள். அவன் திரும்பிப் பார்த்தால் ஊரில் இல்லாதவளாகி வேறு எங்கோ பார்ப்பாள்.

பிள்ளைகள் கிளம்பிப் போகிற நாளில் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். போகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஒரு பூட்டு. பானை, பாய் எல்லாம் அப்புறம். பூட்டி வைக்கும்படி ஒரு பொருளும் இல்லாமல் வளர்ந்தவர்கள். அவர்கள் பூட்டுக்கடையில் நின்று தேர்ந்தெடுப்பதைப் பார்க்கணும், நகைக்கடை தோற்றது. டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த ஒருத்தன் மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"உன் வூட்டுச் சாவி எனக்கு எதுக்குடா? நான் வந்தா கதவத் தட்டறேன். நீ தொறந்தா வரேன்."

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது. இவளுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம்தான் மல்லிகா விஷயம் வந்தது. மல்லிகா மலைக்காரப் பெண். கல்வராயன் மலையிலிருந்து அம்மாவோடு இறங்கி வந்தவள். அம்மா செத்த பிறகு பஸ் ஸ்டாண்டிலும் கோயில் மண்டபத்திலும் இருந்து, கடைசியில் இவளிடம் வந்து சேர்ந்தாள். பத்தொன்பது வயது. கடைவீதியில் பாவாடை தைக்கிற கடையில் மெஷின் மிதித்தாள். ஞாயிற்றுக்கிழமை வீடு கேட்கிறபோது எல்லாக் கேள்விக்கும் கடகடவென்று பதில் சொல்வாள். "நீங்க என்னா ஆளுங்க?" என்று கேட்டால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும். தரையைப் பார்ப்பாள். அந்தக் கேள்விக்கு என்ன சொல்ல வேண்டும் என்று சுவரோரம் நின்றவளிடம் கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுங்க. அவளுக்குத் தோணறத அவ சொல்லணும்" என்றாள், கையைக் கட்டிக்கொண்டு.

எங்கள் லைனில் கடைசி அறை காலியானபோது மல்லிகா நிஜமாகவே வீடு கேட்டு வந்து நின்றாள். பயத்தில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லாப் பதிலையும் வரிசையாக ஒப்பித்துவிட்டாள். "கள்ளக்குறிச்சிதாங்க, தையக்கடைங்க, அப்பா இல்லிங்க, ஏழு மணிக்கு வந்துடுவேங்க, யாரும் வரமாட்டாங்க." மூச்சு வாங்கினாள். நான் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ஆனால் விளையாட்டுக்கு இல்லை என்பது வேறு, நிஜத்தில் கொடுப்பது வேறு. கல்யாணமாகாத பெண், ஆள் துணை இல்லை. எங்கள் லைனில் குடியிருந்த பஸ் கண்டக்டரின் மனைவி, "அந்தப் பொண்ணு வந்தா நாங்க காலி பண்ணிக்கறோம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொந்தம் என்று யாராவது ஒருத்தர் இருந்தால் யோசிக்கிறேன் என்று நான் சொல்லி அனுப்பினேன். மறுநாளே சைக்கிள் வந்தது.

"மலையில அவ மாமன் இருக்காராம். வாங்க, நேர்லயே பாத்துடுவோம்."

மூன்று பேரும் மலைப் பஸ் ஏறினோம். வெள்ளிமலையில் இறங்கி ஒத்தையடிப் பாதையில் நடந்தோம். அந்த மாமன் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பேச வேண்டியது மல்லிகா. அவள் பேசாமல் நின்றாள். என் பக்கத்தில் இருந்தவள் பேச மாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

கடைசியில் மல்லிகாவே கேட்டாள். "மாமா, நான் இங்க வந்தா வச்சிக்குவியா?"

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "நாலு புள்ளைங்க, கண்ணு. கூரையே ஒழுவுது. நோம்பிக்கு வந்துட்டுப் போ. உன்ன வேணாம்னு சொல்லல. வச்சிக்க எடமில்ல."

மல்லிகா தலையை ஆட்டினாள். அந்த நேரத்தில் தற்செயலாக நான் எங்களைக் கூட்டி வந்தவளுக்குப் பின்னால் நின்றேன். அதுவரைக்கும் எப்போதும் எதிரில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் அந்தக் கைகள் ஒன்றை ஒன்று பிசைந்துகொண்டிருந்தன. ஒரு கை முன்னால் போகப் பார்த்தது, இன்னொரு கை அதன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. நகம் பட்ட இடமெல்லாம் சிவந்திருந்தது. முகத்தை எட்டிப் பார்த்தேன். அது வழக்கம்போல அசையாமல் இருந்தது. அத்தனை நாள் கல்லு என்று நினைத்தேனே, இவளா கல்லு?

பஸ்ஸில் மலை இறங்கி வரும்போது அறையைத் தருகிறேன் என்று சொன்னேன். சும்மா சொல்லவில்லை. என் குணம் அப்படி.

"ஒரு மாசம் பாக்கறேன். அதுக்குள்ள அவ முடியலன்னு உன் கிட்ட ஓடி வந்தாலோ, நீ வந்து கூட்டிக்கினு போனாலோ அதோட சரி. இவளுக்கும் இல்ல, உன் புள்ளைங்க யாருக்கும் எங்க லைன்ல எடம் இல்ல."

"நியாயந்தாங்க" என்றாள். பக்கத்து சீட்டில் மல்லிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குடி வந்த முதல் நாளே மல்லிகா கூத்தடித்தாள். ஏரிக்கரை வீட்டில் முப்பது பேருக்குச் சமைத்துப் பழகிய கை. ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று தெரியவில்லை. குறைத்துக் குறைத்துப் போட்டும் பானை பொங்கி வழிந்தது. வடித்த சோற்றைக் கண்டு அவளே மிரண்டு போய், கிண்ணம் கிண்ணமாக ஒவ்வொரு அறைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். கண்டக்டர் மனைவி, "பந்தியா போடறே?" என்று கேட்டு வாங்கிக்கொள்ளாமல் கதவைச் சாத்தினாள். மறுநாளும் சோறு மிஞ்சியது. அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து சாப்பிடவும் தெரியாமல், வாசற்படியில் தட்டோடு வந்து உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். இது ஒரு மாசம் தாங்காது என்றுதான் நினைத்தேன்.

அந்த மாசத்தில்தான் ரோட்டை மறித்தார்கள்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் பக்கத்தில் அதில் சம்பந்தப்படாத வீடு கிடையாது. என் சொந்தத் தம்பியே மணலூர்பேட்டை ரோட்டில் போய் உட்கார்ந்திருந்தான். அவர்கள் கேட்டதில் தப்பில்லை என்றுதான் நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்த நாட்களில் ஒரு கேள்வி எல்லோர் வாயிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. வருஷக்கணக்காக ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்கள்கூட, நீங்க என்னா ஆளுங்க என்று கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் விளையாட்டுக்குக் கேட்ட அதே கேள்வி.

தியாகதுருகம் ரோட்டில் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, கடை இல்லை. மூங்கில்துறைப்பட்டிலிருந்து என் வீட்டுக்காரர் வர வழியில்லை. சேலம் பக்கமிருந்து வந்த ஒரு பஸ் முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல் எங்கள் தெரு முனையில் நின்றுவிட்டது. அதில் கண்டக்டர் எங்கள் லைனில் இருந்தவரே. பஸ் நிறைய ஜனங்கள், கைக்குழந்தைகள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். காலையில் தண்ணீர் கேட்டு வந்தார்கள். மத்தியானம் குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

என்னிடம் மூட்டை அரிசி இருந்தது. கண்டக்டர் மனைவி பருப்பு தருகிறேன் என்றாள். ஆனால் அத்தனை பேருக்கு ஆக்குவது யார்? எங்களுக்கெல்லாம் வீட்டு அளவுதான் தெரியும். இத்தனை அரிசிக்கு எத்தனை தண்ணீர் என்று நாங்கள் இரண்டு பேரும் நின்று வாதாடிக்கொண்டிருந்தோம்.

"பாத்திரம் வேணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மல்லிகா.

"பாத்திரத்துக்கு எங்க போறது?" என்றேன்.

"பந்தல்காரர் வூட்ல இருக்கும். கேக்கறேன்."

ஷட்டர் இறக்கியிருந்த பந்தல் கடையின் பின்வாசலில் போய் அவள் தட்டிய சத்தம் எங்கள் நடை வரைக்கும் கேட்டது. அவர் இல்லை என்று சொல்லியிருப்பார். மறுபடியும் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தாள், கரண்டிகளை இடுப்பில் செருகிக்கொண்டு. கிணற்றடியில் கல் கூட்டி அடுப்பு வைத்தாள். கண்டக்டர் மனைவியை வெங்காயம் உரிக்கச் சொன்னாள். என்னை அரிசி களையச் சொன்னாள். என் வீட்டில் எனக்கே வேலை சொன்னாள், நானும் செய்தேன். அண்டா முன்னால் நின்ற அந்தப் பெண்ணை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அரிசியைக் கையால்தான் அள்ளிப் போட்டாள். ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நடையில் இலை போட்டோம். முதல் பந்தி உட்காருகிற நேரத்தில், நடையிலிருந்து நாலெட்டில் இருந்த தெரு முனையைப் பார்த்தேன். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு அவள் நின்றுகொண்டிருந்தாள். மரங்களைத் தாண்டித் தாண்டி, சைக்கிளைத் தூக்கித் தூக்கி வந்திருக்கிறாள் என்பது சேலையைப் பார்த்தாலே தெரிந்தது. கை பின்னால் இருந்தது. நான் கிட்டப் போனேன்.

"உள்ள வாயேம்மா."

"நான் ஊர்ல இல்லிங்க" என்றாள். உள்ளே வந்தால் மல்லிகாவைக் கூட்டிப்போக வந்ததாக நான் கணக்கு வைத்துக்கொள்வேன் என்ற பயம். அந்த நேரத்தில் என் நிபந்தனை எனக்கே மறந்து போயிருந்தது. அவள் மறக்கவில்லை.

அப்போதுதான் பந்தியில் ஒரு பெரியவர் கேட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. இலையில் கை வைக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

"யாருமா சமைச்சது? என்னா ஆளுங்க?"

கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. கண்டக்டர் மனைவி என்னைப் பார்த்தாள். மல்லிகா சோற்றுத் தட்டோடு நின்றாள். அவள் கண் தரைக்குப் போயிற்று. நான் வீட்டுக்காரி, நான்தான் சமைத்தேன் என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என் பக்கத்தில் இருந்தவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். என் கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவையும் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன. ஒன்றும் செய்யாமல் நிற்பது எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மல்லிகா நிமிர்ந்தாள்.

"நான்தாங்க சமைச்சேன். எங்கம்மா மலைக்காரி. அப்பா யாருன்னு எனக்குத் தெரியாது. இந்த வூட்லதான் கடைசி ரூம்ல குடியிருக்கேன். பசிச்சா சாப்புடுங்க. இல்லன்னா எழுந்து எடம் வுடுங்க, கொழந்தைங்க நிக்குது."

குரல் உயரவில்லை. நடுங்கவும் இல்லை. பெரியவர் அவளையே பார்த்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "வாய மூடிக்கினு துண்ணு" என்று சொல்லிவிட்டுத் தன் இலையில் கை வைத்தாள். யாரோ சிரித்தார்கள். அவர் துண்டை மடியில் போட்டுக்கொண்டு குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். இரண்டாம் தடவை சோறு கேட்டார்.

பந்தி முடிந்து, மரம் போட்ட பையன்களும் வந்து சாப்பிட்டுப் போன பிறகு மல்லிகா இலையோடு தெரு முனைக்கு வந்தாள். அங்கே நின்றவளைத் தோளைப் பிடித்து நடைக்கு அழைத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தாள். இலை போட்டாள். தண்ணீர் தெளித்தாள். சோறு வைத்தாள். வந்தவள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். கை இன்னும் பின்னால்தான் இருந்தது.

"கைய முன்னாடி கொண்டாங்கக்கா" என்றாள் மல்லிகா. "அப்படிக் கட்டிக்கினு எப்படி சாப்புடுவீங்க?"

அவள் கையை எடுத்தாள். முதல் வாய் சோறு பாதி இலையிலேயே சிந்திற்று. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவில்லை. அழுதுகொண்டே நன்றாகச் சாப்பிட்டாள், ரசம் வரைக்கும். மல்லிகா பக்கத்தில் கை கட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால்தான்.

கண்டக்டர் மனைவி காலி செய்யவில்லை. மல்லிகா கல்யாணமாகிப் போகும் வரைக்கும் அந்தக் கடைசி அறையில்தான் இருந்தாள். ஒரு மாசக் கணக்கை அப்புறம் யாரும் பேசவில்லை. ஓர் ஆளுக்குச் சோறு வடிக்க மட்டும் அவளுக்குக் கடைசி வரை வரவில்லை. லைனில் யாராவது ஒருத்தர் அவளோடு சாப்பிடுவது என்று ஆகிவிட்டது.

அன்றைக்கு அந்த ஊரில் இல்லாதவள் சாப்பிட்டு எழுந்து, கிணற்றடியில் கை கழுவி, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள், என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"வூட்டுக்காரம்மா, ரெண்டாவது ரூம்காரங்களுக்கு மாத்தல் வந்திருக்குதாமே" என்றாள். "ஒரு பையன் இருக்கான். ஞாயித்துக்கெழம கொஞ்சம் ஜாஸ்தியாவே மொறச்சிப் பாருங்க."